தொட்டி நிறையத் தண்ணீர். வேகம் மட்டும் எங்கே?



சென்ற மாதம் சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார்.

"டீச்சர், எங்கள் கழிப்பறைத் தொட்டி வெகு நாட்களாக ஒழுகிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போய், தொட்டிக்குள் இருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வந்து மாட்டினார். ஒழுகுவது நின்றுவிட்டது. ஆனால் முன்பிருந்த வேகம் போய்விட்டது. இரண்டு தடவை அழுத்தினாலும் சுத்தமாகப் போவதில்லை. கடைசியில் வாளித் தண்ணீர்தான் கதி. புதுச் சாமான் போட்டும் ஏன் இப்படி?"

கேள்வி சின்னதுதான். "கக்கூஸ் சமாசாரத்தை எல்லாமா பத்திரிகையில் எழுதுவது?" என்று முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால், குந்தி உட்காரும் கழிப்பறையை எடுத்துவிட்டு நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்கு வந்த பேரன், தொட்டி ஒழுகுவதைப் பார்த்துத் தன் கையாலேயே புதுச் சாமான்களை மாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். ஒரு மாதம் கழித்துப் பாட்டி கையில் கட்டோடு நிற்கிறார். என்ன பாட்டி என்று கேட்டால், "ராத்திரி வழுக்கிட்டேன் டீச்சரம்மா" என்கிறார். தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பேரன் மாட்டிய நாளிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கவில்லை. பாட்டி ஒவ்வொரு முறையும் பின்பக்கக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிவந்து ஊற்றியிருக்கிறார். ராத்திரியில் எழுந்திருக்க வேண்டாமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறார்.

"பேரன்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாட்டி?"

"புள்ள ஆசையா தன் காசுலே வாங்கிப் போட்டுட்டுப் போனான். அது சரியில்லேன்னு எந்த வாயாலே சொல்றது?"

பார்த்தீர்களா நேயர்களே! சில வெள்ளி பெறுமானமுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒரு வயதான பெண்மணியைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்துவிட்டன. நடுராத்திரியில் ஈரத் தரையில் வாளி தூக்கவும் வைத்துவிட்டன. இது எழுதக்கூடாத விஷயமா?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்துக்கு வீட்டோடு சேர்ந்த கழிப்பறை கிடையாது. வரிசைக்குப் பின்னால், வாய்க்கால் ஓரமாக எல்லாருக்கும் பொதுவாகக் கட்டியிருப்பார்கள். ராத்திரியில் போக வேண்டுமென்றால் அம்மா டார்ச் லைட்டோடு முன்னால் நடப்பார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். அதற்கும் முந்திய தலைமுறையின் கதை இன்னும் கொடியது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டாக்டர் டார்லிங் தலைமையிலான குழு ஒன்று மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் பிஜித் தீவுக்கும் வந்து கொக்கிப் புழு நோயை ஆராய்ந்தது. மலம் கலந்த மண்ணில் செருப்பில்லாமல் நடப்பவர்களின் பாதத் தோல் வழியாகவே அந்தப் புழு உடம்புக்குள் ஏறும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். வெறுங்காலோடு வேலைக்குப் போன நம் முன்னோர்களின் சோகைக்கும் சோர்வுக்கும் இதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் ஒரு கழிப்பறை, அதைக் கழுவித் தள்ள ஒரு தொட்டித் தண்ணீர் என்பது நமக்குச் சும்மா வந்த வசதியல்ல. அதைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்திருப்பது நம் கடமை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

"குழாயில் பிரஷர் இல்லை, அதனால்தான் பிளஷ் வேகமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. குழாய்த் தண்ணீரின் வேலை தொட்டியை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. அது மெதுவாக நிரம்பினாலும் வேகமாக நிரம்பினாலும், நிரம்பிய பிறகு ஒன்றுதான். கழுவித் தள்ளும் வேகம் மூன்று விஷயங்களில்தான் இருக்கிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது? எல்லாத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்குகிறதா?

வாசல் கழுவும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் வீசினால் மணலும் சருகும் அடித்துக்கொண்டு போகும். அதே வாளியைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினால் தரை நனையுமே தவிரக் குப்பை நகராது. தண்ணீரின் அளவு ஒன்றேதான். விடுகிற விதம்தான் வேறு.

கழிப்பறைக்கு அடியில் ஒரு வளைவுக் குழாய் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, கீழேயிருந்து வரும் நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. 1775-இல் லண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் இந்த வளைவை அமைத்துக் காப்புரிமை பெற்றார். இருநூற்றைம்பது வருடமாகியும் அந்த வளைவு மாறவில்லை. அழுக்கு அந்த வளைவில் மேலேறி அப்பால் போய் விழவேண்டும். அதற்குத்தான் ஒரே மூச்சில் விழும் தண்ணீர் தேவைப்படுகிறது.

முதல் சோதனை: ஒரு வாளித் தண்ணீர்

எந்தச் சாமானையும் கழற்றுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். முக்கால் வாளித் தண்ணீரை, ஏறக்குறைய எட்டு லிட்டர், கழிப்பறைக் கிண்ணத்தில் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சளசளவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டால் அடி வளைவும் குழாயும் நன்றாக இருக்கின்றன; கோளாறு பெரும்பாலும் தொட்டியில்தான். தண்ணீர் மேலேறி வந்து, மெதுவாக இறங்கினால் கோளாறு கீழே இருக்கிறது. தொட்டியை நோண்டிப் பயனில்லை. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

சகோதரியின் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வாளித் தண்ணீர் ஊற்றினால் போகிறது என்கிறார். ஆகவே தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்போம்.

சுவரில் எழுதிய பழைய கணக்கு

பாட்டி வீட்டுத் தொட்டியின் மூடியை நான் தூக்கியதும் கண்ணில் பட்டது ஒரு பழுப்புக் கோடு. வருடக்கணக்காகத் தண்ணீர் நின்ற உயரத்தில், தொட்டியின் உட்சுவரில் கறை படிந்து கோடு போட்டிருந்தது. இப்போது தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, இம்புட்டுத் தண்ணி கொறச்சலா!" என்றார்.

எவ்வளவு குறைச்சல் என்று கணக்குப் போடுவோமா? தொட்டியின் உட்புறம் நாற்பது சென்டிமீட்டர் நீளம், பதினைந்து சென்டிமீட்டர் அகலம். மூன்று விரற்கடை என்பது சுமார் ஐந்து சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 3,000 கன சென்டிமீட்டர். அதாவது மூன்று லிட்டர்! ஒன்பது லிட்டர் தொட்டியில் மூன்று லிட்டர் போனால் வேகமும் குறையாமல் என்ன செய்யும்?

புதிய மிதவையோடு வரும் வால்வைக் கடையிலிருந்து வந்தபடியே மாட்டினால், அது உங்கள் தொட்டிக்கு ஏற்ற உயரத்தில் இருக்காது. மிதவையின் பக்கத்தில் ஒரு திருகோ, நெருக்கிப் பிடித்து நகர்த்தும் கிளிப்போ இருக்கும். அதைக் கொண்டு மிதவையை மேலே ஏற்றுங்கள். பழைய கறைக் கோட்டுக்கு நேராகத் தண்ணீர் நிற்க வேண்டும். கோடு தெரியாவிட்டால், நடுவில் நிற்கும் மிகுதண்ணீர்க் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். அதற்கு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வீணாக வழியும். சில சமயம் புதிதாக வாங்கிய மிகுதண்ணீர்க் குழாய் பழையதைவிடக் குட்டையாக இருக்கும். அப்படியானால் மிதவையை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. குழாயையே சரியான உயரமுள்ளதாக மாற்ற வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். பழையது குப்பையல்ல, அதுதான் அளவுகோல்.

பாட்டி வீட்டில் மிதவையை ஏற்றியதும் வேகம் கூடியது. ஆனால் முழுசாக இல்லை. இன்னும் இரண்டு தவறுகள் ஒளிந்திருந்தன.

சின்னக் குழாயும் சங்கிலியும்

வால்விலிருந்து பென்சில் பருமனில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வரும். அதன் நுனியை மிகுதண்ணீர்க் குழாயின் வாயில் மாட்ட வேண்டும். தொட்டி நிரம்பும் நேரத்தில் அது கிண்ணத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் அனுப்பி, அடியில் உள்ள வளைவை நிரப்பிவிடும். பாட்டி வீட்டில் அது தொட்டிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் குறைவு. அடுத்த தடவை அழுத்தும்போது, வருகிற தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் குறையை நிரப்பவே செலவாகிவிடும். நுனியை வாயில் மாட்டினால் போதும். குழாய்க்குள் ஆழமாகச் சொருகக் கூடாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அது சத்தமில்லாமல் தொட்டித் தண்ணீரையே உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

அடுத்து சங்கிலி. கைப்பிடியை அழுத்தினால் சங்கிலி மேலேறி, அடியிலுள்ள ரப்பர் மூடியைத் தூக்கும். சங்கிலி நீளமாக இருந்தால் மூடி பாதிதான் எழும்பும்; தண்ணீர் பாதி இறங்குவதற்குள் டப்பென்று விழுந்து மூடிக்கொள்ளும். அழுத்திய கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நன்றாகப் போகிறது என்றால், இந்தக் கோளாறாகத்தான் இருக்கும். சங்கிலியை ஒன்றிரண்டு கண்ணி தள்ளி மாட்டுங்கள். மிகவும் குறுக்கிவிட்டாலும் ஆபத்து. மூடி சரியாக உட்காராமல் ஒழுகும். மூடி உட்கார்ந்திருக்கும்போது சங்கிலியில் அரை அங்குலத் தளர்ச்சி இருப்பது சரியான அளவு.

ரப்பர் மூடியிலும் ஓட்டை அளவு பார்க்க வேண்டும். இரண்டு அங்குலம் ஒரு ரகம், மூன்று அங்குலம் ஒரு ரகம். சில மூடிகளில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது மூடி சீக்கிரம் விழுவதா, தாமதித்து விழுவதா என்று தீர்மானிக்கும். அதைத் திருப்பிப் பார்த்தாலே பல வீடுகளில் கோளாறு தீர்ந்துவிடும்.

பொத்தான் இரண்டு உள்ள தொட்டி

தாமான் வீடுகளில் இப்போது மூடியின் நடுவில் பெரிய பொத்தான் ஒன்று, சின்னப் பொத்தான் ஒன்று வைத்த தொட்டிகள் வந்துவிட்டன. சின்னது சிறுநீருக்கு, பெரியது மற்றதற்கு. இதில் சங்கிலி கிடையாது. பொத்தானுக்கு அடியில் இரண்டு குச்சிகள் இருக்கும். மூடியின் உயரத்துக்கு ஏற்ப அவற்றைத் திருகி நீட்டியோ குறுக்கியோ வைக்க வேண்டும். குச்சி குட்டையாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் வால்வு முழுதாகத் திறக்காது. குச்சிகள் இடம் மாறிவிட்டால் பெரிய பொத்தானை அழுத்தினால் சின்ன அளவுத் தண்ணீர்தான் வரும். வால்வின் பக்கத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு தடுப்பும் இருக்கலாம். எத்தனை லிட்டர் இறங்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது குறைந்த அளவில் வைக்கப்பட்டிருக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய கிண்ணங்கள் ஒன்பது லிட்டருக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. புதிய தொட்டிகள் ஆறு லிட்டர்தான் விடும். பழைய கிண்ணத்தோடு புதிய தொட்டியைச் சேர்த்தால், எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் போதாமல் போகலாம்.

சுவரில் தொங்கும் பழைய தொட்டி

குந்தி உட்காரும் கழிப்பறை உள்ள வீடுகளில், சுவரில் மாட்டிய தொட்டியைக் கைப்பிடியால் இழுத்து விடுவோம். பல தொட்டிகளில் மூடி கிடையாது. உள்ளே கவிழ்த்த மணிபோல் ஒரு பாகம் இருக்கும். கைப்பிடி ஒரு தட்டைத் தூக்கி, முதல் வீச்சுத் தண்ணீரை வளைவுக்கு மேலே எறியும். அதன்பின் மீதித் தண்ணீர் தானாகவே இழுபட்டுப் போகும். இதைச் சைஃபன் என்பார்கள். பெட்ரோல் டாங்கியில் ரப்பர்க் குழாய் விட்டு எண்ணெய் இறக்குவதும் இதே தத்துவம்தான்.

இதில் தட்டின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது கிழிந்தால் நாலைந்து தடவை அடித்தால்தான் தண்ணீர் வரும். புதுத் தகடு போடும்போது பழையதின் அளவுக்கே இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் ஓரத்தில் தண்ணீர் ஒழுகிவிடும். பெரிதாக இருந்தால் உரசி மாட்டிக்கொள்ளும். தண்ணீர் மட்டம் கொஞ்சம் குறைந்தாலும் இந்தத் தொட்டி வேலை செய்யாது. ஆகவே இங்கும் முதலில் மிதவையைப் பாருங்கள்.

தொட்டியையே மாற்றியவர்கள் உயரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பு ஆறடி உயரத்தில் இருந்த தொட்டியைக் கழற்றிவிட்டு ஒன்றரை அடியில் புதிதாக மாட்டினால், உயரம் கால் பங்காகிறது; விழும் வேகம் பாதியாகிறது. இது இயற்கை விதி. எந்தச் சாமானைப் போட்டாலும் மாறாது.

தொட்டியிலிருந்து வரும் குழாய் கிண்ணத்தில் சேரும் இடத்தில் ஒரு ரப்பர்க் கூம்பு இருக்கிறது. தொட்டியை அசைக்கும்போது அது மடிந்து, குழாயின் வாயைப் பாதி அடைத்துவிடும். பின்புறம் ஈரம் கசிந்தால் இதைச் சந்தேகியுங்கள். பழைய வாஷர் துண்டு உள்ளே விழுந்து கிடப்பதும் உண்டு.

தண்ணீர் நின்று வந்த பிறகு

நம் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீர் மாசுபட்டு, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது நினைவிருக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது, கோலசிலாங்கூரும் தப்பவில்லை. இப்படித் தண்ணீர் நின்று திரும்ப வரும்போது, குழாயில் படிந்திருந்த வண்டலும் சேர்ந்து வரும். அது வால்வின் வாயிலுள்ள சின்னச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்தவர் போய் அழுத்தினால் பாதித் தண்ணீர்தானே வரும்? சுவரிலுள்ள வால்வை மூடி, குழாயைக் கழற்றி, சல்லடையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் சுவர் வால்வை முழுதாகத் திறந்தோமா என்று இன்னொரு தடவை பாருங்கள். பாதி திறந்தபடி மறந்துவிடுவது சகஜம்.

2014-இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது பலர் மிச்சம் பிடிக்கத் தொட்டிக்குள் செங்கல்லும் பாட்டிலும் போட்டு வைத்தார்கள். அது இன்னும் உள்ளே கிடக்கிறதா என்றும் பாருங்கள். செங்கல் கரைந்து வால்வைக் கெடுக்கும், எடுத்துவிடுங்கள்.

கோளாறு கீழே என்றால்

 கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். காவி நிறக் கறை அடைத்திருந்தால் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சூடாக்கிய வினிகரை ஊற்றி ஊறவைத்தால் கறை இளகும். ஒரு பெரிய எச்சரிக்கை: வெளுப்பு மருந்தையும் அமிலம் கலந்த கழிப்பறை மருந்தையும், வினிகரையும்கூட, ஒன்றாகக் கலக்கவே கூடாது. நச்சுப் புகை கிளம்பி மூச்சை அடைக்கும். தொட்டிக்குள் போடும் வெளுப்பு வில்லைகளும் ரப்பர் மூடியை அரித்துவிடும்.

துளைகள் சரியாக இருந்தும் போகவில்லை, களக் களக்கென்று சத்தம் வருகிறது, குளியலறைத் தண்ணீரும் தேங்குகிறது என்றால் வெளியே உள்ள மலத்தொட்டி நிரம்பியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதைக் காலி செய்ய வேண்டும். இண்டா வாட்டர் போன்ற உரிமம் பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். மலத்தொட்டியின் மூடியை நீங்களே திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

யார் பொறுப்பு?

இன்னும் தோட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், வேலையாட்களுக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும், போதிய குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. ஆகவே மிதவையை ஏற்றுவதும் சங்கிலியைக் குறுக்குவதும் நீங்கள் செய்யலாம். ஆனால் மலத்தொட்டி நிரம்பினாலும் குழாய் உடைந்தாலும் ஆபீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். தேதியைக் குறித்து ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

சொந்த வீட்டுக்காரர்கள் ஒழுக்கையும் கவனிக்க வேண்டும். தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் யாரும் அழுத்தாமல் இருங்கள். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தால் மூடி ஒழுகுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். முப்பது நாளில் 8,640 லிட்டர். சிலாங்கூரில் 2008-இல் தொடங்கிய இலவசத் தண்ணீர் மாதத்துக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். 2020 முதல் அது வருமானம் குறைந்த, விண்ணப்பித்த குடும்பங்களுக்குத்தான். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போனால் நியாயமா?

பள்ளிக்கூடத்தில் நான் தினமும் ஒன்றைப் பார்க்கிறேன். கழிப்பறையில் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்றால் பெண் பிள்ளைகள் அங்கே போகவே மாட்டார்கள். வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பும். வாய் திறந்து சொல்லவும் வெட்கம். பாட்டியும் அதைத்தானே செய்தார்? வயது மாறினாலும் வெட்கம் மாறுவதில்லை. ஆகையால் வீட்டிலுள்ள பெரியவர்களே, நீங்களே கேளுங்கள்: "பாத்ரூமில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா?" என்று வயதானவர்களிடமும் பிள்ளைகளிடமும் மாதம் ஒரு தடவையாவது கேளுங்கள்.

புக்கிட் ரோத்தான் சகோதரிக்கு: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் செய்த வேலை வீண் இல்லை. ஒழுக்கை நிறுத்தியது அவர்தான். சாமானை மாட்டுவது பாதி வேலை. அதைத் தொட்டிக்கு ஏற்றபடி சரிசெய்வது மீதிப் பாதி. மூடியைத் திறந்து பழைய கறைக் கோட்டைத் தேடுங்கள்; பிறகு சின்னக் குழாய், சங்கிலி, சுவர் வால்வு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றைச் சரிசெய்ததும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்தால் அரை மணி நேரம் போதும்.

பாட்டி வீட்டில் எனக்கும் அவ்வளவு நேரம்தான் ஆனது. வேலை முடிந்ததும் பாட்டி தாமே அழுத்திப் பார்த்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அன்று ராத்திரியே பேரனுக்குப் போன் போட்டாராம். "நீ போட்டது நல்லா வேலை செய்யுதுப்பா. டீச்சரம்மா வந்து தண்ணிய மட்டும் கொஞ்சம் ஏத்தி வெச்சாங்க" என்று சொன்னாராம்.

வாளி இப்போது பின்வாசலில் பூச்செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.